அன்னக்கொடியின் தண்ணீர்ச் செம்பு

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தங்கும் பள்ளியில் அன்னக்கொடிக்கு ஆயா வேலை. பெருக்குவதும் துடைப்பதும் பேருக்குத்தான். ராத்திரி படிப்புக் கூடத்தில் செம்புத் தண்ணீரோடு சுற்றி, கண் அசருகிற பிள்ளையின் முகத்தில் அடிப்பதுதான் அசல் வேலை. அதற்காக மகள் பாண்டிமீனாவுக்குப் படிப்பு இலவசம். பத்தாம் வகுப்பில் நானூற்றைம்பது மார்க் தாண்டினால் மேலேயும் இலவசம் என்றிருந்தார் தாளாளர்.

நாற்று நட்டே முதுகு வளைந்தவள் அன்னக்கொடி. மகள் முதுகு வளையக்கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டுதல். தூங்கினவன் கன்று கடாக்கன்று, கண் அசந்தவனுக்கு நஷ்டம்தான் என்ற பழமொழியை வேதவாக்காக நம்பினாள்.

பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. சனிக்கிழமைத் தேர்வில் மார்க் குறைந்தால் அடுத்த வாரம் முழுக்கத் தூக்கத்தில் ஒரு மணி நேரம் வெட்டு. தூக்கம் குறைந்ததில் மார்க் இன்னும் குறையும். உடனே இன்னொரு வெட்டு. படுக்கிற அறையிலும் டியூப்லைட்டை அணைப்பதில்லை. படித்த மேதைகள் போட்ட சட்டம், குறை சொல்ல அன்னக்கொடி யார்?

வந்த வருஷம் பாண்டிமீனா முதல் ரேங்க். பிறகு பன்னிரண்டு, அப்புறம் முப்பது. காலையில் படித்த சூத்திரம் மத்தியானம் மறந்தது. வாயில்லாப் பூச்சியாக இருந்தவள், பேனா இரவல் கேட்டவளின் கையைக் கடித்து வைத்தாள்.

"ஒரே ஒரு அஞ்சு நிமிசம்மா. எழுத்தெல்லாம் எறும்பா ஊருது."

"பரீச்ச முடியட்டும், எம்புட்டு வேணும்னாலும் தூங்குடி."

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு கைத் தண்ணீர், மகளுக்கு முழுச் செம்பு. பெற்ற பாசம் அப்படி! பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவளைக் கண் மூடவே விடவில்லை.

மறுநாள் மத்தியானம் பாண்டிமீனா தேர்வு அறையை விட்டு வந்தபோது கன்னத்தில் மேசை விளிம்பின் தடம் இருந்தது. இரண்டே பக்கம் எழுதியிருந்தாள். வேறு பள்ளியிலிருந்து கண்காணிப்புக்கு வந்திருந்த சரண்யாதேவி டீச்சர் பின்னாலேயே வந்தார்.

"சீக்கிரமே முடிச்சிருச்சுன்னு நெனச்சேம்மா. அம்புட்டு அசந்து தூங்குச்சு. பாவம், எழுப்ப மனசு வரல."

திட்ட வாயெடுத்த அன்னக்கொடி, மகள் கன்னத்துத் தடத்தை முந்தானையால் துடைத்தாள். மூன்று வருஷத்தில் தன் பிள்ளைமேல் இரக்கப்பட்டது இந்த ஒருத்திதான் என்று அப்போதுதான் உறைத்தது.

பாண்டிமீனா பழைய சிரிப்புச் சிரித்தாள். "நல்லாத் தூங்குனேம்மா."

மார்க் நானூற்றைம்பதைத் தாண்டவில்லை; பள்ளி மகளை வெளியே அனுப்ப, தாயும் ஆயா வேலையை விட்டாள். ஆனியில் நடவுக்கு ஆள் கேட்டு வந்தபோது, தாயும் மகளும் சேர்ந்தே போனார்கள்.