அடுப்புப் பரணில் படக்கதைகள்

1983 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்து ஊசிகளையும் கண்ணாடி சிரிஞ்சுகளையும் கொதிநீரில் போட்டேன். அவை கொதித்து முடிவதற்குள் குளித்து, வெள்ளைப் புடவையை நீவி மடித்துக் கொடியில் போட்டேன். சிரிஞ்சுகளைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தேன். வெளியே மூடுபனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. அதன் மேலிருந்த சேவலின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. ஞாயிறானாலும் இந்த வேலைகளின் வரிசையை நான் மாற்றியதில்லை.

அப்போது புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிறிய மலையூரில் நர்ஸாக இருந்தேன். ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் எனக்கு ஓர் அறை. திருப்பத்தூரில் மூன்று வாரப் பயிற்சியை முடித்துவிட்டு முந்தின நாள் இருட்டிய பிறகுதான் திரும்பியிருந்தேன். அன்று மதியம் என் அண்ணன் வருவதாக இருந்தது. என் கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டியை எடுத்துப்போகத்தான் அவ்வளவு தூரம் வருகிறான்.

பெட்டியில் இருந்தவை படக்கதைப் புத்தகங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆலங்காயம் பஸ் நிற்குமிடத்துக் கடையில் அண்ணன் ஒவ்வொன்றாக வாங்கியவை. வாங்குவது அவன், வைப்பது நான். அவன் படித்த பக்கத்தோடு குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போவான். நான் எடுத்து, மடங்கிய முனைகளை நகத்தால் நீவி, பழுப்புத்தாள் அட்டை போட்டு, முதுகில் எண் எழுதி அடுக்குவேன். வடக்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை கிடைத்து அவன் ரயிலேறியபோது, "எனக்கொரு புள்ள பொறந்தா அதுக்குத்தான் இதெல்லாம். ஒண்ணு குறையாம வச்சிரு பாப்பா" என்றான். சரி என்றேன். அந்தச் 'சரி'யை நான் போன ஊருக்கெல்லாம் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். வருடா வருடம் பங்குனி வெயிலில் காயவைப்பேன். நாலு மூலையிலும் வசம்பு, நடுவில் அந்துருண்டை. அவன் மகளுக்கு இப்போது ஆறு வயது.

வெயில் வந்தால் ஒருமுறை உலர்த்தி எடுக்கலாமென்று பெட்டியை இழுத்தேன். எடையே இல்லாமல் வந்தது. திறந்தேன். வசம்புத் துண்டுகளும் அந்துருண்டைகளும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. புத்தகம் ஒன்றுகூட இல்லை. பெட்டியின் பின்பலகையில் செம்மண் கோடு ஒன்று ஏறியிருந்தது. கரையான்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. நேரம் பார்க்காமல் நான் உட்கார்ந்த காலை அது ஒன்றுதான். கதவுவழியாகப் பனி உள்ளே வந்து பெட்டிக்குள் இறங்குவதுபோல் இருந்தது.

வீட்டுக்கார அக்கா சாமைக் கொல்லையில் களை பிடுங்கிவிட்டு வந்தாள். என் வயதுக்கு நாலைந்து கூட இருக்கும். என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்தாள்.

"பொட்டியத் தொறந்துட்டீங்களா? இன்னா இப்படி எழவு வூட்டுல குந்தியிருக்காப்பல குந்திக்கினு? ஒண்ணும் போவல நர்ஸம்மா. நீங்க போன மறுவாரமே கரையான் ஏறிச்சி. நான்தான் எடுத்து ஊரெல்லாம் குடுத்தேன்."

"ஊரெல்லாமா?"

"பின்ன? ஒரே வூட்டுல வப்பாங்களா?"

அந்த ஊரில் விதையை அப்படித்தான் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெட்டிக்கு அது பொருந்துமென்று தோன்றியதே இல்லை. அறுவடை முடிந்ததும் ஒரு வீட்டு விதையை அந்த வீட்டிலேயே முழுதும் வைக்கமாட்டார்கள். பிரித்து நாலு வீட்டுக்குக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் எலி புகுந்தாலும், கூரை ஒழுகினாலும், இன்னொரு வீட்டில் விதை இருக்கும். எல்லா வீட்டிலும் இடம் ஒன்றுதான்: அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். புகை படும் இடத்தில் பூச்சி அண்டாது. ஆனியில் விதைத்து முடித்துப் பரண்கள் காலியாக இருந்தன. அக்கா புத்தகங்களைப் பிரித்து, வீட்டுக்கு மூன்று நான்காக, அந்தப் பரண்களுக்கு அனுப்பிவிட்டாள்.

மதியம் அண்ணன் ஒரு ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான். வாசலிலேயே நடந்ததைச் சொன்னேன். அவன் அக்காவிடம் திரும்பினான்.

"அக்கா, நீங்க ரெண்டு வாரத்துல பண்ணத இவ பத்து வருசமா பண்ணல. ஊரையே படிக்க வச்சிட்டீங்க."

"படிக்கிறதா? யாருக்குத் தெரியும் எழுத்து? படம் பாக்கறதுதான்" என்றாள் அக்கா.

சாப்பிட்டதும் மூவரும் கிளம்பினோம். பனி மதியத்திலும் விலகவில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கொல்லைகள். நடக்க நடக்க வீடுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, நாங்கள் கடந்ததும் திரும்பப் பனிக்குள் போயின. எல்லா வீட்டிலும் ஒரே வாசனை: புகை, ஈரமண், பழைய காகிதம்.

முதல் வீட்டில் ஒருவர் பரணிலிருந்து துணிமூட்டையை இறக்கினார். என் பழுப்பு அட்டைகள் கறுத்துப் பளபளத்தன. ஆனால் ஒரு துளை இல்லை. தொப்பி போட்டுப் புகைக்குழாய் பிடித்த துப்பறிபவரை அவர் எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

"இவன் ஃபாரஸ்ட்டுக்காரன். சந்தன மரம் வெட்டினவன தேடிக்கினு போறான். பாவம், கடைசிவரைக்கும் ஒரு மரத்தக்கூட காணோம்."

அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினான். பனிமலை வரைந்த பக்கத்தைக் காட்டி, "இது இன்னாங்க?" என்றான்.

"இலவம்பஞ்சு. காய் வெடிச்சிக் கெடக்குது. பொறுக்க ஆளில்ல போல."

நான் புத்தகங்களுக்குக் கை நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தந்தார். நான் கையை மடக்கவில்லை. அக்கா என் முழங்கையைத் தொட்டாள்.

"ஒண்ண வுட்டுறணும் நர்ஸம்மா. வச்சிருந்த பரண வெறுமனா ஆக்கிட்டு வாங்கிக்கினு போவமாட்டோம். எத வுடறதுன்னு வச்சிருந்தவங்கதான் சொல்லணும்."

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். கொடுத்த ஒவ்வொருவரும் அண்ணனின் துண்டில் ஒரு பிடி சாமையும் போட்டார்கள். என் அடுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஓட்டையாகிக்கொண்டே வந்தது. இரண்டு பாகக் கதை ஒன்றில் முதல் பாகம் ஒரு பரணில் தங்கிவிட்டது.

"அண்ணா, முதல் பாகம் இல்லாம ரெண்டாம் பாகத்த வச்சிக்கினு உன் பொண்ணு இன்னா பண்ணுவா?"

"நீ இன்னா பாப்பா, ரேஷன் கடை ஸ்டாக்கு எடுக்கறாப்பல பாக்கற? அவளுக்குத் தமிழே படிக்க வராது. பேசுவா, அவ்வளவுதான்."

எனக்கு அது புதுச் செய்தி. நடப்பதை நிறுத்திவிட்டேன். எழுத்து தெரியாத குழந்தைக்காகவா நான் எண் போட்டு அடுக்கி வைத்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். முதுகு பாதி பனியில் கரைந்திருந்தது. "அதான் எனக்கும் ரயில்ல வர்ற வழியெல்லாம் ரோசனை. இத குடுத்தா புரட்டிப் பாத்துட்டு மூலையில போட்டுடுவாளோன்னு" என்று திரும்பாமல் சொன்னான்.

கடைசி வீட்டில் பிரசவமாகி ஒரு மாதமே ஆன பெண் இருந்தாள். அந்தப் பிரசவம் பார்த்தது நான்தான். அவளிடம் ஆழ்கடல் கதை இருந்தது. அண்ணன் வாங்கியதிலேயே அவனுக்கு மிகப் பிடித்தது. மகளுக்கு முதலில் கொடுக்க நினைத்திருந்ததும் அதுதான். அவள் அதையே எடுத்துப் பிள்ளையின் தூளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீட்டினாள்.

"அது மட்டும் வேணும்மா. வேற எத வேணா வச்சிக்கோ" என்றேன். அவள் முகம் வாடியது. அண்ணன் அடுப்படியில் குந்தினான்.

"அதுல இன்னா கதம்மா? சொல்லு, கேப்போம்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். தலையில் வட்டமான செம்புக் கவசம் மாட்டி, கயிறு கட்டி நீரில் இறங்கும் ஆள்.

"தேன் எடுக்கறவங்க. ஈ கொட்டாம தவலையக் கவுத்துக்கினு பாறையில எறங்கறாரு. இதெல்லாம் பறவைங்க. ராத்திரியாச்சே, அதான் எல்லாம் நீலமா கீது. மேல கயிறு புடிச்சிருக்கறது மச்சான். கயிறு வுட்ருவானோன்னு இவருக்கு பயம். ஆனா பறவைங்க சுத்திச் சுத்தி வந்து இவர தாங்கிக்குதுங்க."

தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பின் புகை அந்த நீலப் பக்கத்தின்மேல் மெல்ல நகர்ந்தபோது, மீன்கள் இறகு விரிப்பதை நானும் பார்த்தேன். அத்தனை வருடம் முதுகில் எண் எழுதி அடுக்கிய நான், அந்தப் பக்கத்தை அதுவரை பார்த்ததில்லை என்றே தோன்றியது.

அண்ணன் புத்தகத்தை மூடித் தூளிக்குப் பக்கத்திலேயே வைத்தான். பிறகு, "வச்சிக்கோம்மா. அடுத்த லீவுல எம்பொண்ண இட்டுனு வர்றேன். அவளுக்கும் இப்பிடியே சொல்லு" என்றான்.

எனக்கு மனம் ஆறிவிட்டதென்று சொல்லமாட்டேன். திரும்பும் வழியில் எந்த எண் எந்த வீட்டில் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அதைக் கேட்ட அக்கா, "அப்ப உங்க பரணுக்கு எது? நீங்களும்தான வச்சிருந்தீங்க" என்றாள். அண்ணன் துண்டை என் முன் விரித்தான். பெட்டியைக் காலிசெய்து கொடுத்துவிடுவதைத் தவிர வேறெதையும் நான் யோசித்ததில்லை. கைக்கு வந்த ஒன்றை, முதுகு எண்ணைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அக்கா அடுப்பு மூட்டுவதற்கு முன், அந்தப் புத்தகத்தைத் துணியில் முடிந்து, உரல்மேல் ஏறி, பரணில் வைத்தேன்.