எழுத்தில்லாத டிஸ்க்குகள்

நெல்லியடியில் நான் படிப்பித்த கணினி நிலையத்துக்கு ஒருநாள் மருதனார்மடத்து அச்சகக்காரர் வந்தார். இந்தியன் ஆமி நின்ற காலம். இரண்டு பஸ் மாறி, சென்றி என்ற சோதனைக் காவலரண் ஒவ்வொன்றிலும் இறங்கி நடந்து வந்ததில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் நிலையத்தில் வாங்கிய தமிழ்த் தட்டச்சு டிஸ்க்கை உரிமையாளரின் மேசையில் வைத்தார்.

“சேர், உதிலை எழுத்தே இல்லை. வெறும் பெட்டிதான் வருது. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிச்சுத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். செத்த வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியில் இறந்தவரின் நினைவாகக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அதற்கு நாள் தள்ளிப்போட முடியாது.

உரிமையாளர் கதிரையை விட்டு எழும்பவில்லை. வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, என்னையும் என் சிநேகிதியையும் நோக்கிக் கையை நீட்டினார். “உந்த ரெண்டு பிள்ளையளும் செய்த வேலை. கவனமில்லை. பொம்பிளைப் பிள்ளையளிட்டைக் குடுத்தால் இப்பிடித்தான்.”

எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் நாங்கள் செய்து கொடுத்த டிஸ்க் அதுவல்ல.

தமிழில் தட்டச்சு செய்யும் அந்த மென்பொருளை நாங்கள் இருவரும்தான் எழுதினோம். சிநேகிதி பருத்தித்துறைக்காரி, கடலுக்குப் போகும் குடும்பம். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கறுப்பாக்கி, அதை எண்களாக மாற்றினோம். துதிக்கைபோல வளையும் பழைய ‘ணை’ என்ற ஓர் எழுத்து மட்டும் எங்களைப் படாத பாடு படுத்தியது. எழுதியதைவிடப் பெரிய வேலை, அதை முன்பின் தெரியாத ஒருவர் தன் கணினியில் போட்டு இயக்கும்படி ஒரே டிஸ்க்கில் கட்டுவது. தொடங்கும்போது திரையில் வரும் கேள்விகளைத் தமிழில் கேட்க வேண்டுமென்றால் முதலில் எழுத்து வடிவங்களுள்ள கோப்பு ஏற வேண்டும். அப்படியே செய்தோம். டிஸ்க்கைப் போட்டவுடன் திரையில் “வணக்கம், தொடங்கலாமா?” என்று வந்தபோது சிநேகிதி கைதட்டினாள். வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களை இருத்தி, வாய் திறக்காமல் பின்னால் நின்று, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினோம்.

அதைத்தான் உரிமையாளர் வாங்கிக்கொண்டு போனார். “தமிழிலை கேள்வி கேட்டால் கொழும்பிலை ஆர் மதிப்பினம்? நான் இங்கிலீசிலை மாத்திறன்” என்றார். தமிழ் எழுதுவதற்கான மென்பொருள், தமிழில் பேசினால் மதிப்புக் குறைவாம்! மாற்றியதை எங்களிடம் காட்டவேயில்லை. ஒரு கணினியிலாவது போட்டுப் பார்க்காமல் பிரதியெடுத்து விற்றுவிட்டார்.

அச்சகக்காரர் கொண்டுவந்த டிஸ்க்கைச் சிநேகிதி கணினியில் போட்டாள். எங்கள் தமிழ்க் கேள்விகள் போயிருந்தன. அவற்றோடு எழுத்துக் கோப்பும் போயிருந்தது. அந்தக் கேள்விகளுக்கு மட்டுந்தான் அது தேவை என்று நினைத்து அழித்திருக்கிறார்.

“சேர், எழுத்துக் கோப்பை நீங்கள் அழிச்சிருக்கிறியள்” என்றேன்.

“சரி சரி, சத்தம் போடாதையும். எல்லா டிஸ்க்கையும் திருப்பிக் கொப்பி பண்ணிக் குடுங்கோ.”

“செய்யிறம். ஆனால் ஆர் அழிச்சதெண்டு இந்த வகுப்புக்குச் சொல்லுங்கோ. இவை எல்லாருக்கும் முன்னாலைதானே எங்களைக் குறை சொன்னனீங்கள்.”

“உமக்கு வாய் கூடிப்போச்சு” என்றார்.

சிநேகிதி எங்களுடைய மூல டிஸ்க்கைக் கைப்பைக்குள் வைத்தாள். “எழும்படி, போவம்” என்றாள். அச்சகக்காரருடனேயே மருதனார்மடத்துக்குப் பஸ் ஏறினோம். அவருடைய கணினியில் எங்கள் டிஸ்க்கைப் போட்டோம். தமிழ் வந்தது. பிரின்டரின் நாடாவைக் கழற்றிவிட்டு மை தடவிப் பிரதியெடுக்கும் மெழுகுத் தாளான ஸ்டென்சிலைக் கொடுத்தோம். ஊசிகள் எழுத்து எழுத்தாகக் குத்தத் தொடங்கின. அச்சகக்காரர் முதல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பிள்ளையள், எனக்கு மட்டும் தந்தால் காணாது. கேக்கிற ஆக்களுக்கெல்லாம் நான் கொப்பி பண்ணிக் குடுக்கட்டோ?”

“ஓம், குடுங்கோ” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

நாங்கள் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டில் ஏச்சு விழுந்தது. என் தகப்பன், “ஒரு சொல்லுக்கு ஆராவது வேலையை விடுவினமே?” என்றார். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அழுகை வந்துவிடுமென்ற பயம்.

டிஸ்க் அச்சகத்திலிருந்து பரவியது. பள்ளிக்கூடங்கள் எடுத்தன, குருநகரில் ஒரு கோயில் அலுவலகமும் எடுத்தது. அதைக் கேள்விப்பட்ட உரிமையாளர் அச்சகத்துக்குப் போய், தன் பொருளைக் களவாக விநியோகிப்பதாகச் சத்தம் போட்டாராம். “உங்கடை டிஸ்க் அங்கை கிடக்குது, எடுத்துக்கொண்டு போங்கோ. ஒரு எழுத்தும் குறையேல்லை, ஏனெண்டால் அதிலை எழுத்தே இல்லை” என்று அச்சகக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டு நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

சிரித்தாலும் கோபம் ஆறவில்லை. அடுத்த ஆண்டு சண்டை மீண்டும் மூண்டு மின்சாரம் நின்றது, கணினிகள் துணி மூடிக் கிடந்தன, அந்த நிலையமும் பூட்டப்பட்டது. பிறகு ஒருநாள் நெல்லியடிச் சந்தையில் உரிமையாளரைக் கண்டேன். மரக்கறிப் பையோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன பிள்ளை, சுகமோ?” என்று கேட்டார், எங்களுக்குள் ஒன்றுமே நடக்காததுபோல. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனேன்.