கணுக்கால் வரை கடல்

கோடை விடுமுறை முழுக்க மகளை எங்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்வது என்று கோயம்புத்தூர் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. கணவர் போனில் ஊட்டி, கொடைக்கானல் என்று காட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து வயது யாழினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் ஊரிலிருந்து வந்த குண்டு மிளகாயைக் கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் போட்டேன். நெடி ஏறித் தும்மினேன். உச்சிப்புளிக்கு வடக்கே இருந்த எங்கள் களம் கண்ணுக்குள் வந்து நின்றது.

சித்திரை வெயிலில் களம் முழுக்கச் செக்கச்செவேலென்று மிளகாய் காயும். ஒரு தூறல் பட்டால் வருசம் முழுக்கப் பட்ட பாடும் கறுத்துப்போகும். "மிளகா காயட்டும் தாயி, கடலுக்குப் போவோம்" என்பார் என்னைப் பெற்ற அய்யா. கடல் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனாலும் ஒவ்வொரு கோடையும் அப்படியே போனது.

ஒரே ஒருமுறை புதுமடம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பாவாடையைத் தூக்கிக்கொண்டு கணுக்கால் வரைதான் இறங்கியிருப்பேன். அய்யா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊர்ப்பக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கன மேகம் ஏறுது. கிளம்பு தாயி."

வீடு வரும்வரை அழுதேன். பாவாடை ஓரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுப்பை அணைத்துவிட்டு அய்யாவுக்குப் போன் போட்டேன். "லீவு முழுக்க யாழினியோட அங்கன வந்து இருக்கவா அய்யா?"

"வா தாயி. கடலுக்குப் போவோம்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தடவை நான் மேகத்தைப் பாக்க மாட்டேன்."