கால் பார்க்கும் அஜந்தா

“குதிக்காலிலை நிக்கிறார்,” என்றார் அஜந்தா.

இரண்டாம் எண் மெட்ரோ லா ஷப்பெல் நிலையத்தை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தது. ரயில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் கைப்பேசியில் எழுதிக்கொண்டு நின்ற ஒரு நீளக் கோட்டுக்காரரைத்தான் சொன்னார். “பாருங்கோ, முழங்கால் ரெண்டும் தடி மாதிரி. பிரேக் பிடிச்சால் பின்னாலைதான் போவார்.” அடுத்த நிலையத்துக்கு முன்னால் ரயில் ஒருமுறை வெட்டி இழுத்தது. கோட்டுக்காரர் பின்னால் போய் ஒரு பெண்ணின் காய்கறிப் பைமேல் உட்கார்ந்தார். நான் சிரித்துவிட்டேன். அஜந்தா சிரிக்கவில்லை. “கணுக்காலை மடக்குங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது,” என்று சலித்துக்கொண்டார். அந்த மனிதரிடம் அவர் ஒரு தரமும் சொன்னதில்லை. முன்பின் பார்த்தது கூட இல்லை.

அவரோடு வெளியே போனால் இந்தத் தொல்லைதான். கார் து நோர் ரயில் நிலையத்தில் நகரும் படியில் இறங்குகிறவர்கள், மழை ஈரத்தில் பேருந்துக்கு ஓடுகிறவர்கள், எல்லாருடைய காலையும் பார்ப்பார். முகத்தை மறந்துவிடுவார், நிற்கிற விதத்தை மறக்கமாட்டார். “உங்கடை சினேகிதர், அந்த ஒருபக்கம் சரிஞ்சு நடக்கிறவர், சுகமோ?” என்று கேட்பார். அது யார் என்று நான்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

அஜந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு பயண முகவர் கடையில் கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடுகிறார். அங்கே வருகிற பாதிப் பேருக்கு அவருடைய இன்னொரு வேலை தெரியாது. ஒரு பனிச்சறுக்குக் கழகத்தில் சம்பளமில்லாத பயிற்சியாளர் அவர்; அதற்கான சான்றிதழும் உண்டு. எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆல்ப்ஸ் மலைக்கு மூன்று நாள் பயணம் கூட்டிப்போகும். யார் எந்தச் சரிவில் இறங்கலாம் என்று முடிவு செய்வது அஜந்தா. சரிவுகளுக்கு நிறம் உண்டு: பச்சை சுலபம், நீலம் அதற்கு மேல், சிவப்பு செங்குத்து, கறுப்பு எங்களுக்கு ஆகாது. ஐம்பது பேரின் பெயருக்கு நேரே ஐம்பது நிறத்தை எழுதிவிட்டு, பிறகு ஒரு மாதம் அந்த ஐம்பது பேரின் கோபத்தையும் அவர் சுமப்பார்.

ஜனவரி பிறந்தால் கடையில் டிக்கெட் கேட்க வருகிறவர்களைவிடக் கைப்பேசியை நீட்டுகிறவர்கள் அதிகம். “அக்கா, போன வருசம் நான் ஓடினது. ஒருக்காப் பாருங்கோ.” பாராட்டு வாங்கத்தான் வருகிறார்கள். அஜந்தா முதலில் சத்தத்தை அணைப்பார். பிறகு கட்டைவிரலால் திரையின் மேல்பாதியை மறைத்து, காலை மட்டும் பார்ப்பார். மறுபடி ஓடவிட்டுக் கீழ்ப்பாதியை மறைத்து, கையை மட்டும் பார்ப்பார். “கை எங்கை? பொக்கற்றுக்குள்ளையோ?” என்பார். “உது ஸ்கீ இல்லைத் தம்பி. உது மலை உங்களைக் கீழை கொண்டுபோய் விடுறது.” தம்பி முகம் சுருங்கி வெளியே போவார். டிக்கெட்டை அடுத்த கடையில் போடுவார். முதலாளி அஜந்தாவைப் பார்ப்பார். அஜந்தா கணினியைப் பார்ப்பார்.

வேகத்தை அவர் திறமையாக எண்ணுவதில்லை. விழாமல் வருவதையும் எண்ணுவதில்லை. “விழாமல் மூட்டையும்தான் உருளும்,” என்பார். அவர் கேட்பது வேறு. நான் தடி ஊன்றிய இடத்தில் உன்னால் நிற்க முடியுமா? முடிந்தவரை மெதுவாக இறங்கிக் காட்டுவாயா? பனி இறுகினால் உன் காலுக்கு அது தெரிகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, வலப்பக்கம் திரும்புகிற மாதிரியே இடப்பக்கமும் திரும்புகிறாயா? “எல்லாருக்கும் ஒரு பக்கம் வரும். மற்றப் பக்கம்தான் சோதினை.” அவரே சிறுமியாக, ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊரொன்றில் ஓட்டல் பாத்திரம் கழுவிய அப்பாவோடு இருந்த காலத்தில், பனிச்சறுக்கின் இரண்டாம் நட்சத்திரத் தேர்வில் இடப்பக்கத் திருப்பத்துக்காக மூன்று தரம் தோற்றவர். நான்காம் தரம் கிடைத்த சான்றிதழை மட்டும்தான் தன் வாழ்க்கையில் முழுசாக நம்புகிறாராம்.

நான் சென்னைக்காரன், மென்பொருள் வேலைக்கு இங்கே வந்தவன். என்னைவிட அவர் மூன்று வயது பெரியவர், இருந்தாலும் என்னை “சீத்தாராமன் அண்ணை” என்பார். மரியாதை அதோடு சரி. மூன்று வருடம் பச்சையிலேயே வைத்திருந்தார். “ஏங்க, நான் நல்லாத்தானே போறேன்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “நீங்கள் நல்லாத்தான் யோசிக்கிறியள் அண்ணை. கால் கீழை தனியப் போகுது,” என்றார். அதே நாளில், உணவகமொன்றில் வெங்காயம் வெட்டுகிற ஐம்பத்தெட்டு வயது தில்லைநாயகியை நீலத்துக்கு உயர்த்தினார். தில்லைநாயகி நூறு அடிக்கு ஒருமுறை விழுகிறவர். “அவ விழுறது தெரிஞ்சு விழுறா. நிக்கச் சொன்ன இடத்திலை நிக்கிறா. உங்களுக்கு விழுந்த பிறகுதான் விசயம் தெரியுது,” என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன பிப்ரவரியில் அவர் சங்கத் தலைவரிடமே கை வைத்தார்.

தலைவர் குகதாசன் புறநகரான ஆர்ஜொந்தெய்யில் வீடு வைத்திருக்கிறார், லா ஷப்பெலில் துணிக்கடை. பத்து வருடமாக இந்தப் பயணத்துக்கு வருகிறார், ஒருமுறையும் விழுந்ததில்லை. மேலிருந்து அம்பு மாதிரி நேரே வருவார். கீழே சமதரையில் அகலமாக வலப்பக்கம் வளைந்து நிற்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். அஜந்தா அவர் பெயருக்கு நேரே நீலம் என்று எழுதினார். அடைப்புக்குள் “தனியே விடக்கூடாது” என்றும் சேர்த்தார்.

செயற்குழுவில் இருந்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். “தலைவருக்குச் சிவப்பு குடுத்துவிடுங்கோ. அவர் கவனமா ஓடுவார்.”

“மலைக்குச் சங்கம் தெரியுமோ?” என்று கேட்டார் அஜந்தா.

பேருந்தில் குகதாசனே எழுந்து நின்று எல்லார் முன்னாலும் கேட்டார். “நான் விழுந்து ஆரும் கண்டதோ? இஞ்சை ஆர் தலைவர்?”

“நீங்கள்தான் அண்ணை. இடப்பக்கம் ஒருக்காத் திரும்பிக் காட்டுங்கோ, கறுப்பே எழுதித் தாறன்.”

பேருந்து முழுக்கச் சிரித்தது. குகதாசன் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கழுத்து சிவந்து போயிருந்ததை, பின் இருக்கையில் இருந்த நான் பார்த்தேன். அடுத்த வருடம் தரம் பார்க்க வேறு ஆளைப் போட வேண்டும் என்று அன்றே இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

இரண்டாம் நாள் மதியம் மேகம் மூடியது. காலை வெயிலில் இளகிய பனி திரும்ப இறுகிக் கண்ணாடி மாதிரி ஆனது. அந்த வருடம்தான் நீலத்துக்கு ஏறியிருந்த நானும் குகதாசனும் நாற்காலித் தூக்கியில் மேலே போய் இறங்கினோம். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் சிவப்பு. அவருடைய மகள் துஷாந்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், சற்று முன்னால் சிவப்பில் போயிருந்தாள்.

“பிள்ளை தனியப் போயிட்டாள். வாரும்,” என்று குகதாசன் வலப்பக்கம் திரும்பினார். நான் ஏன் பின்னாலேயே போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

முதல் நூறு மீட்டர் ஒன்றுமில்லை. பிறகு சரிவு சுவர் மாதிரி கீழே விழுந்தது. குகதாசன் நேரே இருபது மீட்டர் போனார்; வேகத்துக்குப் பயந்து வலப்பக்கம் வளைந்து, பாதையின் வலது ஓரத்தில் போய் நின்றுவிட்டார். அங்கிருந்து கீழே போக இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். அவர் அசையவில்லை. நான் மேலே, சரிவு தொடங்குகிற இடத்திலேயே உட்கார்ந்து, ஸ்கீயைக் கழற்றிவிட்டு அஜந்தாவுக்குப் போன் போட்டேன்.

“நீங்கள் கழட்டினது சரி. இருந்தபடியே இருங்கோ. அவரைக் கழட்ட விடாதேங்கோ, ஸ்கீயின்ரை விளிம்புதான் அவரைப் பிடிச்சு வைச்சிருக்குது,” என்றார். பத்து நிமிடத்தில் மேலிருந்து வந்தார். வந்த வேகத்தில் திட்டும் வந்தது.

“நான் என்ன எழுதினனான்? உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதோ? திரும்புங்கோ.”

“ஏலாது.”

“ஏன் ஏலாது? பஸ்ஸிலை நல்லா வாய் வந்ததே!”

குகதாசன் முகம் சாம்பலாக இருந்தது. “வலது காலிலை இரும்பு இருக்கு, அஜந்தா.”

சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் ஏணியிலிருந்து விழுந்தாராம். தகடும் எட்டு ஆணியும். இடப்பக்கம் திரும்பினால் முழுப் பாரமும் வலது காலில் ஏறும். அந்தக் காலை அவர் நம்பவில்லை. அதனால்தான் பத்து வருடமாக நேரே ஓடினார். “ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிள்ளைக்கும் வடிவாத் தெரியாது. கெந்திக் கெந்தி நடக்கிற ஆளெண்டு பேர் வரும்.”

அஜந்தா அவர் முகத்தைப் பார்க்காமல், கீழே பனியைப் பார்த்துச் சொன்னார்: “பத்து வருசம் பாத்தனான். இடப்பக்கம் திரும்பேல்லை எண்டுதான் பாத்தனான். ஏன் எண்டு ஒருநாளும் பாக்கேல்லை.”

மீட்புக் குழுவைக் கூப்பிடலாம் என்று நான் மேலிருந்து கத்தினேன். “வேண்டாம்! ஸ்லெட்ஜிலை கட்டி இறக்கினால் நான் பிறகு லா ஷப்பெலிலை கடை திறக்கேலாது,” என்றார் குகதாசன்.

“முப்பது மீற்றர் பாப்பம். கால் நடுங்கினால் நான் கூப்பிடுவன், உங்களைக் கேக்கமாட்டன். சரியோ?”

“ஓம்.”

பிறகு அவர் செய்தது எந்த வீடியோவிலும் அழகாகத் தெரியாது. குகதாசனைத் திருப்பவே இல்லை. நின்றபடியே, இடது கால் கீழ்ப்பக்கம் இருக்க, ஸ்கீயின் விளிம்பைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். அவர் குறுக்காக வழுக்கி இறங்கினார். பார்வையை முன்னால் வைத்தால் முன்பக்கமாகச் சரிந்தார், பின்னால் திருப்பினால் பின்பக்கமாகச் சரிந்தார். உதிர்ந்த இலை காற்றில் இறங்குவது போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் போய்க் கீழே வந்தார். பாரம் கடைசிவரை இடது காலிலேயே இருந்தது. அஜந்தா அவருக்கு இரண்டு முழம் கீழே, அவரைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கினார்.

“மலைப்பக்கம் சாயாதேங்கோ! சாய்ஞ்சால் கால் ஓடும். என்ரை பக்கம் சாயுங்கோ.”

“உம்மடை பக்கம் பள்ளம்.”

“பள்ளத்துக்கு முன்னாலை நான் நிக்கிறன். சாயுங்கோ. ஐயோ, மூச்சு விடுங்கோ அண்ணை, அதையும் நானோ சொல்லித் தரவேணும்? இப்ப பின்னாலை பாருங்கோ. விடுங்கோ. பிடியுங்கோ. வடிவா வருது. வடிவா வருது எண்டதும் ஏன் விறைக்கிறியள்?”

ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆயிற்று. நான் ஸ்கீயைத் தோளில் போட்டு, ஓரத்துப் பனியில் குதிகாலைக் குத்திக் குத்தி, பெரும்பாலும் உட்கார்ந்தே இறங்கினேன். வழியில் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்த அஜந்தா, “அண்ணை, இந்த வருசம் நீங்கள் எடுத்த முதல் சரியான முடிவு,” என்றார். அதைப் பாராட்டாக எடுப்பதா என்று தெரியாமல் இறங்கிக்கொண்டே இருந்தேன்.

சமதரைக்கு வந்ததும் குகதாசன் கேட்டார், “இப்ப எனக்கு என்ன நிறம்?”

“பச்சை,” என்றார் அஜந்தா, யோசிக்காமலே. பிறகு, “நாளைக்கு நானும் பச்சைக்கு வாறன். உங்கடை காலுக்கு இடப்பக்கம் வேறை மாதிரித்தான் திருப்பவேணும். எனக்கு இன்னும் தெரியாது. பாப்பம்,” என்றார். “எனக்குத் தெரியாது” என்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

விடுதிக்குத் திரும்பும் பேருந்து நிற்கிற இடத்தில் எல்லாரும் ஏறிவிட்டிருந்தார்கள். துஷாந்தி ஓடி வந்து, எங்கே போனாய் அப்பா, ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன் என்று பிரெஞ்சில் கத்தினாள். குகதாசன் வாயைத் திறந்தார்.

“நான்தான் மறிச்சு வைச்சனான்,” என்றார் அஜந்தா தமிழில். “அப்பாவுக்கு ஒரு பயிற்சி. போ, ஏறு, குளிருது.”

பெற்ற தாய் கேட்டாலும் ஒரு நிறத்தைக் கூட்டிச் சொல்லாத பெண் அவர். துஷாந்தி தோளைக் குலுக்கிவிட்டு ஏறினாள்.

குகதாசன் பேருந்தின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து ஸ்கீக் காலணியைக் கழற்றப் பார்த்தார். குளிரில் விறைத்த விரலுக்குக் கொக்கி அகப்படவில்லை. ஜன்னலில் நாலைந்து முகங்கள் திரும்பின. அஜந்தா கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவர் முன்னால் பனியில் முழங்கால் போட்டார். வலது கெண்டைக்காலைப் பின்னாலிருந்து ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் நெகிழ்த்தினார்.