வாயுக்குழிக்குக் காட்டிய கர்ப்பூரம்

பெரியாயிக்கு இடது புருவம் கிடையாது. இலங்கை மலையகத்தில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை கட்டிய வாயுக்குழி, ஒருநாள் அவள் கைப்பந்தத்தைக் கண்டதும் சீறிப் பொசுக்கிவிட்டது. அன்றிலிருந்து குழிப்பக்கம் யாராவது நெருப்போடு வந்தால் அவள் ஓடிப்போய் மறிப்பாள்.

செங்கல் கட்டி இரும்பு மூடி போட்ட குழி அது. பங்களா சமையலறைக் கழிவும் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து எச்சில் சோறும் உள்ளே அழுகும். எழுகிற வாயு குழாய் வழியாகப் போய்த் துரையின் விளக்கில் எரியும். கழிவைக் கூடையில் சுமந்து கொட்டுவது பெரியாயியின் வேலை. விளக்கு மங்கினால் துரை வீரய்யா கங்காணியைத் திட்டுவார். கங்காணி அதைப் பிரம்பால் அவள் முதுகில் இறக்குவான்.

"குழிக்குப் போற சோத்த நீ வழிச்சுத் தின்னுட்டியாடி, நாயே?"

அடி தாங்காமல்தான் அவள் குழியைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரேயடியாகக் கொட்டினால் குழி புளித்துப்போய் வாயு நின்றுவிடுகிறது. அதனால் சோற்றை மசித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். சாணியைக் கரைத்து ஊற்றினாள். மலைக்குளிர் ஏறாமல் சுற்றிலும் வைக்கோல் அடைத்தாள். விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது. துரை தட்டிக்கொடுத்தது கங்காணியின் தோளை. அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

வீரய்யாவுக்கோ உள்ளூரப் பயம். மண்ணுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறதென்றால் அது முனியின் வேலைதான், படையல் போடாவிட்டால் லயத்தையே காவு கேட்கும் என்று நம்பினான். ஒரு வெள்ளிக்கிழமை காலை சாராயமும் சுருட்டும் வைத்து, மூடியைத் திறக்கச் சொன்னான். கர்ப்பூரத்தட்டை ஏந்த அவன் கூப்பிட்டது பெரியாயியின் புருசன் இராசையாவை.

"கங்காணி ஐயா, நெருப்பு வாணாங்க! குழி வெடிச்சிரும்!" பெரியாயி குறுக்கே வந்து நின்றாள்.

"சாமி நெருப்புக்கே குத்தஞ் சொல்றியா?" கங்காணி அவளை ஓங்கி அறைந்தான்.

பெரியாயி பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, காம்பால் அவன் வலக்கையில் போட்டாள். எலும்பு முறிந்தது. பதறிய இராசையாவின் தட்டு விழுந்து கர்ப்பூரம் ஈரப்புல்லில் அணைந்தது. கங்காணியின் ஆட்கள் பாய்ந்து அவளை மிதித்தார்கள். இராசையாவும் மிதித்தான்.

"எம் மானத்த வாங்குறியேடி!"

மற்ற உதையெல்லாம் உடம்போடு போயிற்று. அந்த ஒன்றுதான் நெஞ்சில் விழுந்தது.

இரண்டு பேர் அவளைச் சேற்றில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கங்காணி இடது கையால் புதுக் கர்ப்பூரம் ஏற்றி இராசையாவிடம் நீட்டினான். "போடா, நல்லாக் குனிஞ்சு காட்டு."

"இங்கேருங்க, போகாதீங்க!" என்று அலறினாள். மிதித்தவன்தான், ஆனாலும் அவள் புருசன். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கங்காணியின் முகத்தையும் பார்த்தான். குனிந்தான்.

தீ ஆளுயரம் எழுந்தது. முகமும் மார்பும் வெந்துபோன இராசையா பொழுது சாயுமுன் செத்தான். மீசை கருகியதோடு தப்பிய கங்காணி, "முனி பலி எடுத்துக்கிருச்சு" என்று துரையிடம் சொன்னான். துரையும் தலையாட்டிவிட்டார்.

இராசையாவின் காரியம் முடிந்ததும், பழையபடி விளக்கு எரிய வேண்டும் என்று பெரியாயிக்கு ஆள் வந்தது. அவள் கூடையில்லாமல் மண்வெட்டியோடு வந்தாள், குழியை இடித்துத் தள்ள. கையில் கட்டுப் போட்ட வீரய்யா, இடது கையில் பிரம்போடு குழியோரம் நின்றான்.

"கூடை எங்கடி?"

முதல் வெட்டு செங்கல்லில் விழவில்லை.