பஞ்சு வைக்காத காது

துப்பாக்கி பிடிக்கிற ஆண்களுக்கு ஒரு பெண்பிள்ளை புத்தி சொல்வதா என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே புரட்டிவிடலாம். நான் என் வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் திடலின் கூடாரத்தில் உட்கார்ந்து அவர்கள் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பறக்கிற தட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. எனக்கு அவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் டாக்டர். பினாங்கில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சூலியா தெருவை ஒட்டிய சந்தில் கீழே மருந்தகம், மேலே எங்கள் குடித்தனம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் சுங்கை பினாங் பக்கத்துக் குடும்பங்களும் அவரிடம் வருவார்கள். அவருடைய பேர் முழுவதும் அவருடைய காதில்தான் இருந்தது. "நெஞ்சுல குழலை வச்சாருன்னா உள்ள என்ன கோளாறுன்னு புட்டுப் புட்டு வச்சிடுவாரு" என்று வருகிறவர்கள் என்னிடமே சொல்வார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

வாரம் முழுவதும் இருமலைக் கேட்டுக் கேட்டு அலுத்தவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. பக்கத்துத் தெரு வக்கீல்தான் அவரை இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் நம்மவர்களுக்கு இடமில்லை என்பதால், வக்கீல், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளி, சூலியா தெருவில் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயர் என்று சிலர் சேர்ந்து, நகரத்துக்கு வெளியே கடலோரமாக ஒரு திடலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வக்கீல்தான் திடலுக்குத் தலைவர். நான் அவரை அண்ணே என்பேன்.

களிமண் புறா என்று பேர்தான் பெரிது. தாரும் சுண்ணாம்பும் கலந்து வார்த்த தட்டு அது. கோப்பிக் குவளைக்கு அடியில் வைக்கிற சாசர் அளவுதான் இருக்கும். சுடுகிறவர் 'புல்', அதாவது இழு, என்று இங்கிலீஷில் குரல் கொடுத்தால், குழிக்குள் இருக்கிற ஆள் இயந்திரத்தின் பிடியை இழுப்பான். தட்டு கடல் பக்கமாகப் பறக்கும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்கவேண்டும். உடைந்துவிட்டால் இந்தப் பெரிய மனிதர்களுக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே!

விதிகளில் அவர்கள் கறாராக இருந்தார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். திடலில் நடக்கும்போது துப்பாக்கி நடுவில் மடித்துத் திறந்தே இருக்கவேண்டும். காலியாகத்தான் இருக்கிறது என்று வாயால் சத்தியம் செய்தால் போதாது, குழாய்க்குள் வெளிச்சம் தெரிவதைப் பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்க்கவேண்டும். சுடும் இடத்தில் போய் நின்ற பிறகுதான் தோட்டாவைப் போடலாம். சுட்டு முடித்தால் துப்பாக்கியை மடித்த பிறகே உடம்பைத் திருப்பவேண்டும். ஒருவர் சுட நிற்கும்போது பின்னால் பேச்சு கூடாது. தவறவிட்டவருக்கு, அவர் கேட்காமல் யோசனை சொல்லக்கூடாது. இந்தக் கடைசி விதியைக் கல்யாண வீடுகளுக்கும் கொண்டுவந்தால் எவ்வளவு நிம்மதி என்று நான் நினைத்ததுண்டு. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் 'ஸ்டாப்' என்று கத்தலாம், கூடாரத்தில் பசியாறிக்கொண்டிருக்கிற பெண்கூடக் கத்தலாம். அந்தச் சத்தம் கேட்டதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் தோட்டாவை எடுத்துவிட்டு நிற்கவேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு வக்கீல் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். தட்டை உற்றுக் குறிபார்த்தால் தவறிவிடும். அதற்குப் பின்னாலிருந்து குழாயைக் கூடவே ஓட்டி, அதை முந்தும்போது விசையை அழுத்தவேண்டும். அழுத்திய பிறகும் கையை நிறுத்தக்கூடாது. பின்கட்டையைத் தோளோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும். அப்படிப் பிடிக்காதவர்கள் மறுநாள் தோள் கன்றிப்போய் எங்கள் மருந்தகத்துக்கே வருவார்கள்.

தோளுக்குச் சொன்னார்கள், கைக்குச் சொன்னார்கள், காலை எப்படி வைத்து நிற்பது என்றுகூடச் சொன்னார்கள். காதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரைக்காயர் ஒருவர்தான் வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு சுடுவார். "என்ன பாய், புள்ள பெத்த பொம்பள மாதிரி காதுல பஞ்சு! பத்தியச் சோறு கொண்டுவரச் சொல்லவா?" என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்வார்கள். பாய் சிரித்துக்கொண்டே பஞ்சை இன்னும் நன்றாக அமுக்கிக்கொள்வார். நானும் ஞாயிறு காலையில் என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் பஞ்சு வைப்பேன். திங்கட்கிழமை துணி துவைக்கப் போடும்போது அது அப்படியே இருக்கும். பிள்ளை பெற்றவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களாம். படித்த டாக்டருக்கு இருந்த பயம் இதுதான்.

முதலில் கொசுவில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "இந்த வருஷம் கொசுவே இல்லை, பார்த்தியா?" என்றார் ஒரு நாள். அவர் கையெல்லாம் கடித்துத் தடித்திருந்தது. கடித்தது தெரிந்தது, காதோரத்தில் அது பாடியது தெரியவில்லை. பிறகு டிராம்காரன் மணியடித்து மணியடித்துக் கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டினான். இவர் தண்டவாளத்தின் நடுவில் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழாய்ப் பக்கம் இருக்கும். அந்தக் காது முதலில் போனது. மற்றதும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டபோதெல்லாம் "சளி பிடிச்சிருக்கு" என்றார். சளி எத்தனை மாதம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றியிருந்தது. இவருடைய முறை வந்தது. நின்ற இடத்தில் தோட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது சதுப்புமரங்களின் மறைவிலிருந்து ஒரு சம்பான் படகு வெளியே வந்தது. அதில் ஒரு வயதான மலாய்க்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வக்கீல் "ஸ்டாப்!" என்று கத்தினார். தவுக்கே கத்தினார். நானும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். இவர் மட்டும் குழியையே பார்த்தபடி துப்பாக்கியை மூடினார், தோளில் வைத்தார், 'புல்' என்றார். குழிக்குள் இருந்தவன் அந்தக் குரலுக்கே பழகியவன், கை தன்னால் இழுத்துவிட்டது. தட்டு பறந்தது. இவர் சுட்டார்.

சம்பானைச் சுற்றித் தண்ணீரில் ஈய ரவை பொலபொலவென்று விழுந்தது. அந்த அம்மாள் கணவருடைய தலையைத் தன் மடியில் அமுக்கிக் குனிந்துகொண்டாள். தூரம் அதிகம் என்பதால் ரவை வேகம் இழந்து விழுந்தது, யாருக்கும் காயமில்லை. சம்பானைக் கண்ட பிறகு இவர் முகம் வெளுத்துப்போனது. துப்பாக்கியை மடித்துக் கீழே வைத்துவிட்டு, காலில் போட்டிருந்த சப்பாத்தோடு சேற்றில் இறங்கிப் போய், இருவருடைய கை, முகம், முதுகெல்லாம் பார்த்து, மலாயில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

கரைக்கு வந்ததும் வக்கீல் அவருக்கு நேரே வந்து நின்றார். "என்னா டாக்டர் லா இது! இத்தனை பேரு கத்துனோம். ஒங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். இவர் வக்கீலின் உதட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சு" என்றார். "தட்டு அந்தப் பக்கம் போகாதுன்னு தெரியும். அதான் சுட்டேன்."

வக்கீல் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, பெட்டியில் வைத்து, அவர் கையில் கொடுத்தார். "இனிமே இந்தத் திடலுக்கு வராதீங்க டாக்டர்" என்றார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் கெரெத்தாவில் நான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து அழுதேன், திட்டினேன். அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவருக்கு நேரே நின்று, "ஏங்க கேட்டுச்சுன்னு சொன்னீங்க? கொலைகாரன் மாதிரில்ல பாக்குறாங்க!" என்று கத்தினேன்.

"திமிர் பிடிச்ச டாக்டர்கிட்ட ஆளுங்க வருவாங்க" என்றார். "செவிட்டு டாக்டர்கிட்ட யாரு வருவா, சொல்லு?"

ஊரில் அவரைத் திமிர் பிடித்தவர் என்று பேசினார்கள். மருந்தகத்தில் கூட்டம் குறையவில்லை. அவர் கணக்கு சரியாகத்தான் போனது, அதை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அதற்குப் பிறகு அவர் எனக்கு ஸ்டெதஸ்கோப்பில் கேட்கக் கற்றுக்கொடுத்தார். நான் நர்ஸ் வேலை பழகுவதாக வருகிறவர்களிடம் சொன்னோம். காதோரத்தில் முடியை விரல்களுக்கு இடையில் வைத்து உருட்டினால் ஒரு சத்தம் வருமே, அது கேட்டால் சளி நெஞ்சின் அடியில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். விசில் மாதிரி இழுத்தால் இளைப்பு. நான் கேட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்று கையால் ஜாடை காட்டுவேன். அவர் மருந்து எழுதுவார். சில நாள் எனக்கு ஒன்றும் விளங்காது. அப்போதும் ஏதாவது ஒரு ஜாடை காட்டித்தான் ஆகவேண்டும். ராத்திரி சாப்பாடு இறங்காமல் நான் இளைத்துப்போனது அந்த மாதங்களில்தான்.

ஒரு மழைநாளில் வக்கீல் தன் மகள்வயிற்றுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைக்குழந்தை. இரண்டு நாளாகக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை. வாசலில் குடையை மடக்கியபடி, "தங்கச்சி, டாக்டர் மேல எனக்கு இன்னும் கோபந்தான். ஆனா அவரு காது மேல எனக்கு நம்பிக்கை. அதான் வந்தேன்" என்றார்.

வக்கீல் ஊன்றிக் கவனிக்கிறவர். அவர் எதிரில் குழலை என்னிடம் கொடுக்க இவருக்கு மனம் வரவில்லை. குழந்தையை என் தோளில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தானே குழலை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி, முதுகில் அங்கே இங்கே வைத்து, தலையை ஆட்டினார். என் கை குழந்தையின் முதுகில் இருந்தது. அது மூச்சு இழுக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் கரகரவென்று ஏதோ உரசியது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. இவ்வளவையும் என் கையால் உணர முடிந்தது. அவருடைய காதில் ஒன்றுமே விழவில்லை.

"நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார் இவர். "சாதாரணக் காய்ச்சல்தான்." மேசைக்குப் போய் உட்கார்ந்து, குனிந்து மருந்து எழுத ஆரம்பித்தார்.

நான் ஜாடை காட்டிப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. வக்கீலின் முகத்தில் நிம்மதி வந்துவிட்டது, குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, இவரு சொல்றதை நம்பாதீங்க" என்றேன். "இவருக்குக் காது கேக்காது. அன்னிக்குத் திடல்லயும் கேக்கலை, பொய் சொன்னாரு. புள்ளைக்கு நெஞ்செல்லாம் சளி. நிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

நான் மெதுவாகப் பேசவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். இவர் எழுதி முடித்து, மை காய ஊதி, சீட்டைச் சிரித்த முகத்தோடு நீட்டினார். "பயப்பட ஒண்ணும் இல்லை. மூணு வேளை கொடுங்க" என்றார்.

வக்கீல் இரண்டு கையாலும் சீட்டை வாங்கிக்கொண்டார். அவருக்கு நேரே நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, "ரொம்ப நன்றி டாக்டர்" என்றார். குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் ரிக்ஷாவை நோக்கி ஓடினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர் பின்னால் போனார்கள்.

இவர் காலியான பெஞ்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, என்ன ஆச்சு? எல்லாரும் எங்க போறாங்க?" என்று கேட்டார்.

நான் அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வக்கீலிடம் சொன்னதையெல்லாம், என் உதடு இவருக்கு நன்றாகத் தெரியும்படி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.