இரண்டாம் தடவை கேட்காத கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவர்கள் என்னவோ கடுப்பில்தான் வைத்தார்கள். போகப்போக அதுவே மரியாதையாகி 'சல்லடை மேடம்' ஆகிவிட்டது. கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கும்போது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலுக்கு ஒன்றுமே தெரியாது. சர்க்யூட் போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதற்குப் போகிறது என்று யாராவது ஒரு ஃபைலில் எழுதி வைத்தால்தான் உண்டு. அந்த ஃபைல்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

இதற்கென்று ஒரு சோதனை புரோகிராம் உண்டு. ஆனால் அது வடிவத்தைத்தான் பார்க்கும். முப்பத்தொன்றுக்குள் ஓர் எண் வேண்டும் என்று விதி இருந்தால், அதற்குள் எதைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். உண்மையா பொய்யா என்ற கவலை அதற்கு இல்லை. அதனால் சல்லடை ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எழுதியவரிடம் சந்தேகத்தைக் கேட்பாள், பதிலை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். இரண்டு நாள் கழித்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அதையே திரும்பக் கேட்பாள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் ஃபைல் நகரும். "என்ன மேடம், போலீஸ் விசாரணையா?" என்று சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். நிஜமாகத் தெரிந்தவனும் அடித்துவிடுகிறவனும் முதல் தடவை ஒரே மாதிரிதான் பேசுவார்கள்.

அவள் கணவர் போர்டு வடிவமைப்பவராக இருந்தவர். பலரோடு சேர்ந்து எத்தனையோ செய்திருக்கிறார். முழுக்க முழுக்க அவருடையது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான். மருந்து வைக்கும் குளிர் அறைகளின் வெப்பத்தைக் கண்காணிக்கும் சின்னப் போர்டு. அதன் ஃபைல் கர்னலில் சேர்ந்த அன்று, முதல் வரியில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, ராகம் தப்பிய பாட்டொன்றைப் பாடிக்கொண்டே வீடெல்லாம் திரிந்தார். பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள், வரைபடங்களும் போன இடம் தெரியவில்லை. மிச்சம் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு போர்டு.

இந்த ஆண்டு விதிகள் இறுகின. வெப்பமானிச் சிப்பை எழுப்பும் கம்பி முதன்மைச் சிப்பின் எந்த முனையில் சேர்கிறது என்று கட்டாயம் எழுத வேண்டுமாம். கர்னலின் அடுத்த வெளியீட்டுக்குள் எழுதாவிட்டால், அந்த ஃபைலையே எடுத்துவிடுவார்கள், அவர் பெயரோடு சேர்த்து. கம்பியோ போர்டின் உள்ளடுக்கில் ஓடுகிறது, மீட்டர் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. குருட்டாம்போக்கில் ஒவ்வொரு முனையாக முயன்றால் போர்டே போய்விடும். அவரைத்தான் கேட்டாக வேண்டும்.

அவரைக் கேட்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, அப்பா போன்ல பேரன் எந்தக் கிளாஸ்னு மூணு தடவ கேட்டாரும்மா," என்றாள் மகள். "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமே?"

"உனக்கு எதுலயும் அவசரம். நல்லாத்தான் பேசுறாரு. செய்தி படிக்கிறாரு, அரசியல் பேசி என் உயிர வாங்குறாரு. வயசானா யாருக்குத்தான் மறக்கல?"

பொய் இல்லை. நன்றாகத்தான் பேசினார். வாக்கியம் வாக்கியமாக, குறை சொல்ல முடியாதபடி பேசினார்.

அன்று மதியம் போர்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம சின்னவன்!" என்று விரலால் தடவிக் கொடுத்தார்.

"என்னங்க, இந்த வெப்பமானிய எழுப்புற கம்பி எந்த முனைக்குப் போகுது?"

"ஏழு," என்றார், யோசிக்கக்கூட இல்லை. "நான் போட்டதாச்சே, எனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. பார்த்தாயா, எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று மகளுக்கு மனசுக்குள்ளேயே பதில் சொன்னாள். அடுத்தவர் யாராவது இப்படி ஏழு என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் காத்திருப்பாள். கட்டிய கணவரிடம் போய் விசாரணை நடத்துவதா என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். நியாயமும் இல்லை ஒன்றும் இல்லை, பயம். ஏழு என்று எழுதிச் சோதனை புரோகிராமை ஓட்டினாள். ஒரு குறையும் சொல்லாமல் முடித்தது. போர்டுக்கு மின்சாரம் கொடுத்தாள்.

ஏழாம் முனை வெப்பமானிக்குப் போகவில்லை. சிப்புகளுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்துக்குப் போயிருந்தது. சின்னதாக ஒரு சத்தம், கருகல் வாடை. அவ்வளவுதான், இருந்த ஒரு போர்டும் செத்தது.

அவர் மூக்கைச் சுளித்தார். "அடுப்புல என்னத்த வெச்ச? தீயுது பாரு."

அவள் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, காலை டீயைக் கையில் கொடுத்துவிட்டு, முதல்முறை கேட்பதுபோல அதே கேள்வியைக் கேட்டாள்.

"பத்தொம்பது," என்றார். அதே குரல், அதே பெருமை. "நான் போட்டதாச்சே."

பத்தொன்பதை எழுதி ஓட்டினாள். அதற்கும் குறை சொல்லவில்லை. அழித்துவிட்டு, தன் மனசுக்கு வந்த ஓர் எண்ணை எழுதினாள். அதுவும் தேறியது. எதைப் போட்டாலும் தேறும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாய்பொத்தி அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு அனுப்பினால் கேட்க நாதியில்லை, அவர் பெயர் நிற்கும். ஆனால் எங்கோ ஒரு குளிர் அறையில் இன்னும் ஒரு போர்டு ஓடிக்கொண்டிருந்தால், அதுவும் கருகும். ஃபைல்களைத் தொகுப்பவருக்கு இரண்டே வரி எழுதினாள்: 'இந்தப் போர்டைப் பற்றி அறிந்தவர் இப்போது யாரும் இல்லை. ஃபைலை நீக்கிவிடலாம்.' முதல் வாக்கியத்தை அடிக்கும்போது, அவர் பக்கத்து நாற்காலியில் இரண்டாவது டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அனுப்பிவிட்டு மகளைக் கூப்பிட்டாள். "நீ சொன்ன டாக்டர்கிட்ட நேரம் வாங்கும்மா," என்றாள். மகள் ஏன் என்று கேட்கவில்லை.

போனை வைத்ததும் அவர் திரும்பினார். "நம்ம சின்னவன் ஃபைல் என்னாச்சு? பாஸாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. ஒரு குறையும் இல்ல."

"என்ன நம்பர் போட்ட?"

"நீங்க சொன்னதத்தான்."

திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார், மெதுவாக.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் சரியென்றுதான் சொல்வார். அவளால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.